முதல் கை

அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்கம்மா. குடிக்கறதுக்கு இல்ல, பயப்படாதீங்க, என்கிட்டயே தண்ணி இருக்கு. பாத்துட்டுத் தந்துடறேன். இந்தா, இப்படி ஜன்னல் பக்கமா வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. அடியில, நட்டநடுவுல, கடுகு அளவுக்கு வெள்ளையா தெரியுதா? மத்த இடமெல்லாம் தெளிவா இருக்கு, அங்க மட்டும் பால் விட்ட மாதிரி. இத்தனை வருஷமா பாட்டில்ல தண்ணி குடிக்கறீங்களே, ஒரு நாளாச்சும் அதைப் பாத்திருக்கீங்களா? யாரும் பாக்கமாட்டாங்க. நான் பாப்பேன். பத்தொம்பது வருஷமா எனக்கு அதான் வேலை.

இந்த பஸ் ஸ்ரீபெரும்புதூர் போக இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரமா? இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நான் ஒண்ணும் ஆசைப்பட்டுப் போகல. கூப்பிட்டா, போறேன். யார் கூப்பிட்டான்னு கேக்கறீங்களா? சொல்றேன், அதைச் சொல்லணும்னா முதல்லேருந்து சொல்லணும்.

என் பேரு தனபாக்கியம். கும்மிடிப்பூண்டி பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. டப்பா, ஜாடி, பாட்டில் எல்லாம் அடிக்கறோம். அங்க எனக்குன்னு ஒரு மேஜை இருக்கு. மேல பால் கண்ணாடி, உள்ள டியூப்லைட். லைட் டேபிள்னு சொல்லுவோம். மெஷின்லேருந்து விழற டப்பாவை அதுமேல வெச்சு ஒரு சுத்து சுத்திப் பாப்பேன். தெளிவா இருந்தா வலது பக்கம், மங்கலா இருந்தா இடது பக்கம். அவ்வளவுதான். கேக்கறதுக்குச் சுளுவா இருக்கும், செஞ்சு பாத்தாத்தான் தெரியும். முதலாளி வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் "மெஷின் பொய் சொல்லும், பாக்கியத்தோட கண்ணு பொய் சொல்லாது"ன்னு சொல்லுவார். பெங்களூர்லேருந்து வந்தவங்ககிட்ட சொன்னார். பம்பாய்க்காரங்ககிட்ட இந்தியில சொன்னார். எனக்கு இந்தி தெரியாது, ஆனா என் பேரு வந்துச்சு.

அதோட கைராசி வேற. எங்க கம்பெனியில ஒரு வழக்கம் உண்டு. புது மெட்டீரியல் வந்துச்சுன்னா, அதான்மா, குருணை அரிசியாட்டம் மூட்டையில வரும், அதை உருக்கித்தான் டப்பா அடிக்கறது. மெஷின் மேல ஹாப்பர்னு பெரிய புனல் மாதிரி ஒண்ணு இருக்கும், குருணையைக் காய வெக்கற டிரையரும் அதோட சேர்ந்ததுதான். மெஷினுக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வெச்சு, முதல் கைப்பிடி குருணையை அதுக்குள்ள நான்தான் போடணும். முத மெஷின் வந்தப்ப நான் அங்க பெருக்கிக்கிட்டு இருந்தேன். "ஏம்மா, வா, ஒரு கை போடு"ன்னார் முதலாளி. போட்டேன். முத டப்பாவே பளிச்சுனு விழுந்துச்சு. அன்னிலேருந்து என் கைதான். எங்க வீட்டு வளைகாப்புக்கு லீவுல இருந்தவளை வேன் அனுப்பிக் கூட்டிட்டு வந்து போடச் சொன்னார்னா பாத்துக்குங்க.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, ஜெபசெல்வின்னு ஒருத்தி வந்தா. கெமிஸ்ட்ரி படிச்சவ. நாசரேத் பக்கம். "வாங்கக்கா, இருங்கக்கா"ன்னு ஒரு தெக்கத்தி இழுப்பு. இருபத்தாறு வயசு. ஆபீசுக்குப் பக்கத்துல ஒரு ரூம் கட்டி, ஏசி வெச்சு, சக்கரம் வெச்ச நாற்காலி போட்டு அவளை உக்காத்தி வெச்சாங்க. நான் பத்தொம்பது வருஷமா ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். அதுக்காகச் சொல்லல. நாற்காலி யாருக்கு வேணும்? முதுகு எனக்கு நல்லாத்தான் இருக்கு.

முதலாளி ரெண்டே வாரத்துல அவளை "செல்வி, செல்வி"ன்னு பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டார். என் பேரைத் தெரிஞ்சுக்க அவருக்கு நாலு வருஷம் ஆச்சு, அதுவரைக்கும் "ஏம்மா"தான். எனக்குப் பொறாமைன்னு நினைச்சுடாதீங்க. நடந்ததைச் சொல்றேன்.

போன பங்குனியில ஒரு பெரிய ஆர்டர் வந்துச்சு. முகத்துக்குப் பூசற கிரீம் இருக்கு இல்ல, அதுக்கு ஜாடி. பிளாஸ்டிக்ல பண்ணணும், ஆனா கண்ணாடின்னு நினைக்கணும். சுவர் மட்டும் இந்தா, என் சுண்டு விரல் தடிமன். அது சரியா வந்தா அந்தக் கம்பெனியோட மொத்த வேலையும் எங்களுக்குத்தான். அடிச்சோம். எல்லாம் மோர் தண்ணியாட்டம் மங்கலா விழுது. நூறு அடிச்சா எழுபது என் இடது கைப்பக்கம் போகுது. முதலாளி மூஞ்சி செத்துப்போச்சு. "பாக்கியம், என்னா?"ன்னார். "ஈரம் சார், மெட்டீரியல் காயல, இன்னும் சூடு வைங்க"ன்னேன். பத்தொம்பது வருஷமா மங்கல்னா ஈரம்தான். கஜேந்திரன், அவன்தான் மெஷின் ஆப்பரேட்டர், இன்னும் ரெண்டு மணி நேரம் காய வெச்சான். அப்பவும் மங்கல்தான்.

இவ வந்தா. ஒரு ஜாடியை எடுத்து அறுத்தா. ரூமுக்குள்ள போய் ஏதோ மெஷின்ல சூடு பண்ணிப் பாத்தா. வெளியே வந்து, "அக்கா சொல்றது தப்பில்ல சார். ஈரம் இருந்தாலும் மங்கும். ஆனா இது ஈரம் இல்ல, இந்த மெட்டீரியலோட குணமே அதான்"னா. அக்கா சொல்றது தப்பில்லையாம்! அவ சர்டிபிகேட் குடுக்கணுமா எனக்கு? சுருக்குனு இருந்துச்சு.

அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. எங்க வீட்டு முருங்கை மரத்துலேருந்து செவ்வாய்க்குச் செவ்வாய் முதலாளி வீட்டம்மாவுக்கு ஒரு கட்டு கொண்டு வருவேன். கேன்டீன் மேஜை மேல வெச்சிருந்தேன். அவ என்ன பண்ணா தெரியுமா, என் முருங்கைக்காயிலேருந்து நல்லா நேரா இருக்கறதா ஏழெட்டு உருவி, ஒரு நூலைப் போட்டுக் கட்டி, "பாருங்க சார்"னா. முதலாளி எதுக்க உக்காந்திருக்கார். நான் டீ டம்ளரோட நிக்கறேன்.

"இந்த மெட்டீரியல் உள்ள எல்லாமே நீள நீளமான சங்கிலி சார். இந்த முருங்கைக்காயாட்டம் நேரா இருக்கும். உருகியிருக்கறப்போ கண்டபடி கெடக்கும். ஆறும்போது பக்கத்துல பக்கத்துல வந்து இப்படி ஒழுங்கா அடுக்கிக்கும். அடுக்கின இடமெல்லாம் வெளிச்சம் பட்டுச் சிதறி வெள்ளையாயிரும். பாட்டில் சுவர் மெல்லிசு, சட்டுனு குளிர்ந்துரும், அடுக்கறதுக்கு நேரம் இருக்காது. ஜாடி தடிமன். மெதுவா ஆறுது, சாவகாசமா அடுக்கிக்குது"ன்னா.

உங்க பாட்டில் அடியில இருக்கற புள்ளி இருக்கே, அதுவும் அதான். சூடா உள்ள பாயற வாசல் அது, கடைசியா ஆறற இடம். அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு இல்ல, புள்ளியை நான் முன்னாடியே பாத்திருக்கேன்.

அப்புறம் கேட்கிட்ட இருக்கற கொடுக்காப்புளி மரத்துலேருந்து யாரோ பறிச்சு வெச்சிருந்ததை நாலு எடுத்தா. சுருண்டு சுருண்டு இருக்குமே. அதை முருங்கைக்காய்க்கு நடுநடுவுல சொருகிட்டுக் கட்டப் பாத்தா. கட்டே நிக்கல. இங்க ஒண்ணு துருத்துது, அங்க ஒண்ணு நழுவுது. "அவ்வளவுதான் சார். சங்கிலியில அங்கங்க ஒரு கோணல் இருக்கற மாதிரி மெட்டீரியல் இருக்கு. அதுல கலக்கற ஒரு சரக்கு மட்டும்தான் வேற. நேரா நிக்க வேண்டிய இடத்துல வளைஞ்சு நிக்கும். அடுக்க முடியாது, அடுக்கலைன்னா கண்ணாடி"ன்னா.

"அப்போ ஒழுங்கா இருந்தா அழுக்காத் தெரியும், கோணலா இருந்தா பளிச்சுனு தெரியுமா?"ன்னு முதலாளி விழுந்து விழுந்து சிரிக்கறார். "பாக்கியம், பாத்தியா, உன் முருங்கைக்காய்ல எவ்வளவு விஷயம் இருக்கு!"

ஒழுங்கா வரிசையா பத்தொம்பது வருஷமா இருக்கறவங்களால கெட்டுப்போகுதாம், நடுவுல ஒரு கோணல் வந்து புகுந்தா எல்லாம் பளபளன்னு ஆயிடுமாம். யாரை நினைச்சுச் சொல்றான்னு எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுங்க. என் முருங்கைக்காயை வெச்சே எனக்குப் பாடம். அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்தக் காயெல்லாம் கேன்டீன் மேஜையிலயே கெடந்து வாடிப்போச்சு. முதலாளி வீட்டுக்கு ஒண்ணுகூடப் போகல. அதை யாரும் கேக்கல பாருங்க.

புது மெட்டீரியல் வரவழைச்சாங்க. சனிக்கிழமை மதியம் வந்து இறங்குச்சு. மூட்டையைப் பிரிச்சா, எப்பவும் வர்ற குருணை வெள்ளையா இருக்கும், இது கற்கண்டாட்டம் கண்ணாடியா இருக்கு. கஜேந்திரனுக்கு வார லீவு, ஓட்டறது மறுநாள் காலையிலதான். முதலாளியே கற்பூரம் காட்டினார். நான் வழக்கம் போல கையைக் கழுவித் தொடைச்சுக்கிட்டு முன்னாடி வந்து நின்னேன்.

"பாக்கியம், இது செல்வி கொண்டாந்த மெட்டீரியல். முதல் கை அவளே போடட்டும்"னார்.

ஈரம் காயாத கையோட நிக்கறேன்மா நான். இருபது பேர் பாக்கறாங்க. அவ உடனே, "ஐயோ, வேண்டாம் சார், அக்காவே போடட்டும். எனக்கு இதெல்லாம் தெரியாது"ன்னா. அது இன்னும் மோசம். பிச்சை போடற மாதிரி. "நீயே போடும்மா"ன்னேன் நானு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். போட்டா. ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டா. ஒரு கையாலதான் போடணும்னுகூடத் தெரியல.

சாயங்காலம் அஞ்சரை மணி. நான் கேட்ல கையெழுத்துப் போட்டுட்டு இருக்கேன். அவ பையை மாட்டிக்கிட்டு ஓடி வர்றா. மறுநாள் அவ அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம், ஊருக்குப் பஸ் புடிக்கணும். மயில் கழுத்துக் கலர் துப்பட்டா. "அக்கா, கஜேந்திரன் அண்ணனுக்கு போன் போகவே இல்ல. காலையில அவரு மூட்டையைக் கொட்டும்போது டிரையர் சூட்டை அறுபத்தஞ்சுல வைக்கச் சொல்லிருங்க. எப்பவும் வைக்கிற நூத்தி அறுபத்தஞ்சுல வெச்சா இது தாங்காது. பழைய மெட்டீரியல் ஏற்கெனவே அடுக்கிக்கிட்டுக் கெட்டியா வர்றது, சூட்டுக்கு அசையாது. இது அடுக்காதது. சூடு பட்டா இளகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிரும். நீங்க சொன்னாத்தான் அவரு கேப்பாரு"ன்னா. சரின்னேன். "மறந்துராதீங்கக்கா"ன்னு கையைப் புடிச்சா. சரி சரி, போயிட்டு வான்னேன்.

மறந்துட்டேன்.

மனுஷங்கதானே? வயசாகுது, நாப்பத்தெட்டு. வீட்டுல ஆயிரம் வேலை. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்குப் போய் லைட் டேபிள் கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு இருக்கேன். கஜேந்திரன் மூட்டையைத் தோள்ல வெச்சுக்கிட்டுக் கேட்டான், "அக்கா, சூடு எப்பவும் போலத்தானே?" நான் தொடைச்சுக்கிட்டே இருந்தேன். தலையை ஆட்டினேன் போல. ஆட்டினதா எனக்கு நினைவில்ல. அவன்தான் அப்புறம் சொன்னான்.

பதினோரு மணிக்கு மெஷினுக்கு மெட்டீரியல் வர்றது நின்னுபோச்சு. கஜேந்திரன் ஹாப்பரை ஒரு தட்டு தட்டினான். ணங்குனு கேட்டுச்சு. காலியா இருந்தா ஒரு சத்தம், குருணை இருந்தா ஒரு சத்தம், இது ரெண்டும் இல்ல. மூடியைத் திறந்தான். நானூறு கிலோவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கட்டியா, பெரிய கடலைமிட்டாய் மாதிரி. உளி வெச்சு உடைச்சாங்க. மூணு நாள் ஆச்சு. மூணு நாளும் அந்த மெஷின் ஓடல, ஜாடி போகல. கிரீம் கம்பெனிக்காரன் போன்ல கத்தினது வெளியில கேட்டுச்சு.

திங்கக்கிழமை அவ வந்தா. ராத்திரியெல்லாம் பஸ்ல வந்தவ, முகம்கூடக் கழுவல. எல்லாரையும் நிக்க வெச்சு முதலாளி கேட்டார். கஜேந்திரன் "எனக்கு யாரும் சொல்லல சார்"னான். அவ என்னைப் பாத்தா. ஒரே ஒரு தடவை. நான் மெஷினைப் பாத்தேன். அப்புறம் அவ, "எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கணும் சார், என் தப்பு"ன்னா.

சொல்லியிருக்கலாம்ல? "அக்காகிட்டச் சொன்னேன்"னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா நானும் "மறந்துட்டேன் சார்"னு சொல்லியிருப்பேன், முடிஞ்சிருக்கும். சொல்லாம நின்னா பாருங்க, அதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல. நல்லவளாம். நல்லவளா இருக்கறதுலயும் அவதான் முந்திக்கணுமா?

முதலாளி அவளைத் திட்டலை. ஆனா எல்லார் எதிர்லயும், "என்ன படிச்சு என்ன, ராசியில்லாத கை"ன்னுட்டுப் போயிட்டார். அன்னிலேருந்து அவ பேரு கம்பெனியில அதுதான். புள்ளைங்க அவ தொட்ட டம்ளரைத் தொட்டுட்டு, "ஐயோ, கட்டியாயிடுவேன்"னு கிண்டல் பண்ணுங்க. நான் பண்ணல. நான் சிரிச்சதோட சரி.

ரெண்டு மாசம் இருந்தா. மெஷின் பக்கமே வரவேண்டாம்னுட்டாங்க. அதுக்குள்ள ஒரு தாள்ல பெருசா "இந்த மெட்டீரியலுக்கு 65 டிகிரி மட்டும்"னு எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, டிரையர் மேல நாலு மூலையும் ஒட்டினா. ஸ்ரீபெரும்புதூர்ல வேற கம்பெனியில வேலை கிடைச்சுப் போயிட்டா. போற அன்னிக்கு என் லைட் டேபிள்கிட்ட வந்து, "உங்க கண்ணு எனக்கு வராதுக்கா"ன்னா. நான் ஒரு ஜாடியைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அவ போனப்புறம், கோடவுன்ல மிச்சம் இருந்த மூட்டையை ஓட்டலாம்னாங்க. எலுமிச்சம்பழம், கற்பூரம். "பாக்கியம், வா"ன்னார். போட்டேன். தாள்ல எழுதினபடி கஜேந்திரன் அறுபத்தஞ்சுல வெச்சான். ஜாடி விழுந்துச்சு பாருங்க, சத்தியமாச் சொல்றேன், கையில வெச்சா கை ரேகை தெரியுது. முதல் நாள் மூவாயிரம் ஜாடி. இடது பக்கம் ஒண்ணுகூடப் போகல. "பாக்கியம் கைன்னா கைதான்"னு முதலாளி எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்தார். எனக்கு ரெண்டு.

எனக்கு இதானே வேணும்? ஆனா எட்டு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கேன்மா. வலது பக்கம், வலது பக்கம், வலது பக்கம். பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நிமிர்ந்தா எதுக்க டிரையர். அதுல அவ கையெழுத்து. மைசூர்பாகைப் பையிலயே வெச்சு, எறும்பு வந்துடுச்சு.

இப்ப முந்தாநாள் போன் வருது. "அக்கா, நல்லாருக்கீங்களா? இங்க புது மெஷின், அதே மெட்டீரியல், புதன்கிழமை ஓட்டுறோம். முதல் கை நீங்க வந்து போடணும். ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்கக்கா"ங்கறா. கைராசியை நம்பாத பொண்ணும்மா அவ! குத்திக் காட்டத்தான் கூப்பிடறா. வேற எதுக்கு? கொழுப்பு. வரமாட்டேன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன், "எத்தனை மணிக்கு?"ன்னு வந்துடுச்சு.

இந்தப் பட்டுப்புடவை சும்மா பீரோவுல கெடந்துச்சு, கட்டினேன். கால்கிட்ட இருக்கற கட்டா? முருங்கைக்காய்தான். இந்த வருஷம் காய்ப்பு அதிகம், எங்கயாச்சும் குடுக்கணும் இல்ல. நேரா இருக்கறதாப் பாத்துப் பொறுக்கினேன். பழக்கம்.

அதோ மேம்பாலம் வருது. இறங்கணும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க.

போனதும் கையை உடனே போடமாட்டேன்மா. சூடு எவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு முதல்ல கேப்பேன். அறுபத்தஞ்சு. அதைக் கேட்டுட்டுத்தான் போடுவேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அன்னிக்கும் ஞாபகம் இருந்துச்சு.

இந்தாங்க உங்க பாட்டில். இவ்வளவு நேரம் என் கையிலயே இருந்திருக்கு, நீங்களும் கேக்கல.